அழித்துவிட்டு வந்தால் போலீஸ் எதைத் தேடும்?

பெற்றோர்களே, முகம் தெரியாத ஒருவன் செல்போனில் உங்கள் பிள்ளையிடம் அசிங்கமாகப் பேசினான், படம் அனுப்பச் சொல்லி மிரட்டினான் என்று தெரிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? நான் பார்த்தவரை, பிள்ளைக்கு இரண்டு அறை. அடுத்தது, போனில் உள்ளதை எல்லாம் அழித்துவிடுவது. 'மானம் போயிடும் வைத்தியரே' என்பார்கள். பிறகு மனசு கேட்காமல் போலீசுக்குப் போனால், காட்ட ஒன்றும் இருக்காது.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாக்கும் ஒன்று. நாக்கை நன்றாக வழித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நான் எதைப் பார்ப்பது?

போலீசைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் படும் பாட்டையும் கேளுங்கள். மிரட்டியவன் பெயரும் பொய், படமும் பொய். மிஞ்சுவது இணைய முகவரி எண். அந்த ஒரே எண்ணைச் செல்போன் கம்பெனிகள் ஒரே சமயத்தில் பல பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. எந்த நிமிஷம், எந்த வினாடி என்று தெரியாவிட்டால் ஆளைப் பிரித்தெடுப்பது கஷ்டம். கணக்கை மூடிவிட்டு ஓடிவிட்டானா? 2021-ஆம் வருட விதிப்படி அவனுடைய பதிவு விவரங்களைச் சமூக வலைத்தள நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் ஏழு மாதம் யோசித்துவிட்டுப் போனால்? இத்தனைக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்கலாம். அவருக்குத் திருட்டு, அடிதடி, பந்தோபஸ்து எல்லாம் இருக்கிறது.

வாட்ஸ்ஆப் செய்தியை நடுவில் அந்தக் கம்பெனியே படிக்க முடியாது. அனுப்பியவன் போனிலும் வாங்கியவர் போனிலும்தான் அது இருக்கும். அவன் போன் எங்கே இருக்கிறதோ தெரியாது. இன்னொன்று உங்கள் வீட்டு மேஜைமேல் இருக்கிறது! அதைத்தான் நாமே துடைத்துவிடுகிறோம்.

ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுத்துப்போக வேண்டுமே என்று பயப்படுகிறீர்களா? 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும், யூனிஃபார்ம் கூடாது. பெயரையோ பள்ளியையோ பத்திரிகையில் போடக் கூடாது.

ஆகவே, எதையும் அழிக்காதீர்கள். அவனுடைய கணக்குப் பெயர், பேசிய தேதி, நேரம் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் படத்தை 'இங்கே பாருங்க' என்று மச்சானுக்கோ மாமாவுக்கோ அனுப்பிவிடாதீர்கள், அதுவே குற்றம். போனை அப்படியே எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். யோசனை கேட்க 1098 இருக்கிறது.

பிள்ளைக்குப் பசியில்லை, தூக்கமில்லை என்றால் சூரணம் தருகிறேன். விஷயத்தை வெளியே சொல்லாதீங்க என்று மட்டும் கேட்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் எவரும் தகவல் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. அதில் வைத்தியனுக்கு விலக்கு இல்லை.