ரத்தத்தில் இருக்கிறதாம்!



நேற்று ஒரு விசேஷ வீட்டில் காதில் விழுந்தது: "அப்பன் குடிகாரன், மகன் வேறெப்படி இருப்பான்? ரத்தம்!" எல்லோரும் தலையாட்டினார்கள்.

எமில் ஜோலாவின் 'லசொம்வார்' (1877) நாவலில் வரும் சலவைக்காரி ஜெர்வேஸின் பெற்றோரும் குடித்தவர்களே. மனிதனைப் பரம்பரையும் சூழலும் ஆட்டுவிக்கின்றன என்று நம்பியவர் ஜோலா. ஆனால் அதே ரத்தத்தோடுதான் அவள் பாரிஸில் சொந்தக் கடை வைத்து நிமிர்ந்தாள்!

கணவன் கூப்போ குடியை ஒதுக்கியவன். கூரை வேலையில் விழுந்து கால் முறிந்தது. கடைக்கென்று சேர்த்த பணம் வைத்தியத்தில் கரைந்தது. பிறகு கடன் வாங்கித்தான் கடை. கால் ஆறியும் அவன் வேலைக்கு அஞ்சினான், சாராயக்கடை இழுத்தது. கடை போயிற்று, அவளும் குடித்தாள், மாடிப்படிக்கு அடியில் அநாதையாகச் செத்தாள்.

ரத்தமா தள்ளியது? வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி ஈடு தரவேண்டும் என்ற சட்டம் பிரான்சில் 1898இல்தான் வந்தது. ரத்தத்தை மாற்ற முடியாது, சூழலை மாற்றலாம்.

நானும் ஒருநாள் வகுப்பில் ஒரு பையனை "குடிகாரன் மகன்தானே" என்றேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அவனுக்கு அன்று சூழல் நான்தான். நீங்களாவது அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

உங்கள் ஆசிரியர்