விடையைப் பாடமாக்கிச் சான்றிதழ் வாங்காதீர்கள்

தகவல் தொழில்நுட்பச் சான்றிதழுக்குப் படிக்கிறேன் என்று என்னிடம் வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணா, பாஸ்ட் பேப்பர் இருக்கா?" என்பதைத்தான். இலங்கையில் படித்தவர்களுக்கு இது இயல்பான கேள்வி. சாதாரண தரமோ உயர்தரமோ, கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்க்காமல் நாங்கள் பரீட்சை மண்டபத்துக்குள் போனதில்லை. பரீட்சைத் திணைக்களமே அவற்றை வெளியிடுகிறது. புத்தகக் கடைகளில் விடைகளோடு தொகுத்து விற்கிறார்கள். அது நேர்மையான பயிற்சி.

இந்தச் சான்றிதழ்களை வழங்கும் சிஸ்கோவும் கொம்ப்டியாவும் அப்படி எந்த வினாத்தாளையும் வெளியிடுவதில்லை. மாதிரிக் கேள்விகளும் பயிற்சித் தேர்வுகளும் உண்டு. உண்மையான கேள்விகள் வெளியே வரக் கூடாது. இணையத்தில் 'டம்ப்' என்ற பெயரில் விற்கப்படுபவை, மண்டபத்திலிருந்து களவாக வெளியே கொண்டுவந்த கேள்விகள். கேள்விகளை வெளியிட மாட்டேன் என்ற உடன்பாட்டை ஏற்ற பிறகுதான் பரீட்சையே தொடங்கும். டம்ப் பாவித்தது தெரியவந்தால் சான்றிதழைப் பறிக்கலாம், இனிமேல் பரீட்சை எழுதவும் தடை போடலாம். ஊர்ப் பழக்கத்தில் கேட்கிற பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அண்மையில் ஒரு தம்பி வந்தார். மொன்றியல் சென் லோரோனில் களஞ்சிய வேலை, இரவுப் பணி. சிஸ்கோவின் வலையமைப்புப் பரீட்சையான சிசிஎன்ஏக்கு நாள் குறித்துவிட்டார். '/26' வலையமைப்பில் எத்தனை கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம் என்று கேட்டேன். யோசிக்காமலே "62" என்றார். '/27' என்றால்? பதில் இல்லை. பாடமாக்கிய தாளில் அந்தக் கேள்வி இருக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினோம். முகவரி மொத்தம் 32 பிட். அதில் 26 வலையமைப்புக்குப் போனால் மிச்சம் 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. வலையமைப்பையே குறிக்கும் முகவரிக்கு ஒன்று, எல்லோருக்கும் அறிவிக்கும் முகவரிக்கு ஒன்று கழித்தால் 62. விளங்கியதும் '/27'க்கு 30, '/28'க்கு 14 என்று அவரே சொன்னார். அரை மணித்தியாலம்கூடச் செல்லவில்லை. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை ஏன் களவெடுத்த தாளைத் தேடிப் போகவேண்டும்?

காரணம் எனக்குத் தெரியும். சிசிஎன்ஏ கட்டணம் 300 அமெரிக்க டொலர், அதற்கு மேல் வரி. கனடாப் பணத்தில் நானூறைத் தாண்டும். கியூபெக்கின் குறைந்தபட்ச ஊதியம் 2025 மே மாதம் மணிக்கு 16.10 டொலரானது. அந்தக் கூலிக்கு நிற்பவருக்கு ஒரு பரீட்சை மூன்று நாள் உழைப்புக்கு மேல். தோற்றால் மறுபடியும் அதே கட்டணம். இந்தப் பயம்தான் டம்ப் விற்பவனின் முதலீடு.

ஆனால் அப்படி வாங்கிய சான்றிதழோடு வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே உண்மை வெளிப்படும். "இன்ரநெற் இல்லை" என்று ஒருவர் கூப்பிடுவார். கணினியின் முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்கும். முகவரி வழங்கும் சேவையிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தனக்குத் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ஒருமுறை அந்தச் சேவையை நிறுத்திவிட்டு, அந்த எண் வருவதைக் கண்ணால் பார்த்தவருக்கு இது மறக்காது.

காசில்லாமல் படிக்க வழி இருக்கிறது. கொம்ப்டியா பரீட்சைகளுக்குப் 'புரொபெசர் மெசர்' காணொளிகள் இலவசம். சிஸ்கோவின் பாக்கெற் ட்ரேசரும் இலவசம். ரூட்டர் வாங்காமலே வலையமைப்பைக் கட்டி, உடைத்து, திரும்பக் கட்டலாம். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு பெரி-யூகாம் மெத்ரோவோடு ஒட்டியே பெரிய நூலகம் இருக்கிறது. 2005இல் திறந்தது. கியூபெக்கில் வசிப்பவர்களுக்கு அங்கத்துவம் இலவசம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இந்த நகரத்தில் பிரெஞ்சு இல்லாத சான்றிதழ் அரைச் சான்றிதழ். 1977இல் வந்த 101ஆம் சட்டம் வேலைத்தலத்தின் மொழியைப் பிரெஞ்சாக்கியது. 2022இல் 96ஆம் மசோதா அதை இறுக்கியது. 2025 ஜூன் முதல் 25 பேர் வேலை செய்யும் நிறுவனமும் பிரெஞ்சுமயமாக்கலுக்குப் பதிவு செய்யவேண்டும். கணினி திருத்துபவர் நாள் முழுக்க ஆட்களோடு பேசுபவர். 'பிரான்சிசாசியோன் கியூபெக்' வகுப்புகள் இலவசம். வலையமைப்பு முகவரிக் கணக்கோடு சேர்த்தே அதையும் படியுங்கள்.

கோயில் நிர்வாகங்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். வருடாந்த இராப்போசனத்துக்கு மண்டபம் எடுக்கிறீர்கள். கிழமையில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் நாலு பழைய கணினி, ஒரு சுவிட்ச், ஒரு பெட்டி கேபிள், முனை அடிக்கும் குறடு இரண்டு போதும். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம் என்று எட்டுக் கம்பியையும் வரிசையாக வைத்து முனை அடித்து, சுவிட்சில் பச்சை விளக்கு எரியும்வரை பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். சொல்லிக் கொடுக்க இந்தத் துறையில் இருக்கும் எங்கள் ஆட்களைக் கூப்பிடுங்கள். நான் வருகிறேன்.