ஆய்வகத்திலிருந்து நோயாளியின் கைக்கு: மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான ஆறு மாதச் சிகிச்சை வந்த வழி

“புதிய மருந்து கண்டுபிடிக்கப்பட்டுள்ளது” என்ற செய்தியைப் படித்ததும், நோயுற்றவர் மனத்திலும் அவரைப் பேணுபவர் மனத்திலும் எழும் கேள்வி ஒன்றே: அது எங்களுக்கு எப்போது கிடைக்கும்? இக்கேள்விக்கு ஒற்றை வரியில் விடை கூற இயலாது. எனினும், ஒரு கண்டுபிடிப்பு எந்தெந்த நிலைகளைக் கடந்து மருத்துவமனையை வந்தடைகிறது என்பதை அறிந்திருந்தால், செய்திகளை அளவோடு நம்பவும், உங்கள் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்கவும் இயலும்.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு காசநோய்ச் சிகிச்சையாகும். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கு மருந்துகளைக் கொண்ட ‘பிபால்எம்’ என்னும் கூட்டுச் சிகிச்சைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. முன்பு 20 மாதங்கள் வரை நீண்ட சிகிச்சையை இது 6 மாதங்களாகக் குறைக்கிறது. ஊசி கிடையாது, அனைத்தும் மாத்திரைகள்.

இவற்றுள் முதன்மையான பெடாகுவிலின் பற்றிய ஆய்வக முடிவுகள் 2005-ஆம் ஆண்டிலேயே வெளியாயின. இடைப்பட்ட 19 ஆண்டுகளில் ஒரு பகுதி நோயாளிகளின் பாதுகாப்புக்காகக் கட்டாயம் தேவைப்பட்டது. மற்றொரு பகுதி, குறைத்திருக்கக்கூடிய தாமதம். இவ்விரண்டையும் பிரித்து அறிவதே இப்பக்கத்தின் நோக்கம்.

முதற்படி: நோயை விரைவாகவும் சரியாகவும் கண்டறிதல்

மருந்து எவ்வளவு சிறந்ததாயினும், எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று அறியாமல் கொடுக்க முடியாது. நீண்ட காலம், சளியை நுண்ணோக்கியில் பார்த்தே காசநோய் கண்டறியப்பட்டது. கிருமி இருக்கிறதா என்பதை அம்முறை ஓரளவு காட்டும். அக்கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதைக் காட்டாது. அதை அறியக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகும். அவ்வாரங்களில் நோயாளி பயன் தராத மருந்தை உட்கொண்டிருப்பார்; வீட்டிலுள்ளவர்களுக்கும் நோய் பரவக்கூடும்.

ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படாமல் போவதற்குக் காரணம், அதன் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஏற்படும் மாற்றங்களே என்பது 1993-இல் ஆய்வகத்தில் வெளிப்பட்டது. அம்மாற்றங்களைச் சளி மாதிரியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கண்டறியும் கருவியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2010 டிசம்பரில்தான். நம் நாட்டு மருத்துவமனைகளில் ‘சிபிநாட்’ என்று வழங்குவது இச்சோதனையே.

அக்கருவிக்குத் தடையற்ற மின்சாரமும் குளிரூட்டிய அறையும் வேண்டியிருந்தன. அவ்வசதி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்காக, மின்கலத்தில் இயங்கும் ‘ட்ரூநாட்’ கருவி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் இதனை 2020-இல் ஏற்றுக்கொண்டது. கண்டுபிடிப்பு ஒன்று, அதைச் சிற்றூரின் மருத்துவ நிலையத்தில் செயல்படச் செய்வது வேறொன்று என்பதை இந்த இடைவெளி உணர்த்துகிறது.

இரண்டாம் படி: மருந்து பயன் தருமா, தீங்கு செய்யுமா?

ஆய்வகத்தில் கிருமியை அழிக்கும் பொருள்கள் பல. அவற்றுள் மிகச் சிலவே மனித உடலுக்கு ஏற்ற மருந்துகளாகின்றன. முதலில் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் சோதனை நடைபெறும். பின்னர் மனிதர்களிடம் மூன்று கட்டங்களாக ஆய்வு தொடரும். முதற்கட்டம், சிலரிடம் மருந்தின் பாதுகாப்பையும் அளவையும் பார்க்கும். இரண்டாம் கட்டம், நோயாளிகளிடம் பயன் தெரிகிறதா என்று பார்க்கும். மூன்றாம் கட்டம், பெருந்தொகையினரிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

இக்கட்டங்களை அவசரமாகத் தாண்டக்கூடாது என்பதற்குப் பெடாகுவிலின் வரலாறே சான்று. அதன் இரண்டாம் கட்ட ஆய்வில், மருந்தைப் பெற்றவர்களின் சளியில் கிருமி மறைவதற்கான இடைநிலைக் காலம் 83 நாள். பெறாதவர்களுக்கு 125 நாள். மருந்து வேலை செய்தது. ஆயினும் அதே ஆய்வில் மருந்தைப் பெற்ற 79 பேரில் 10 பேரும், பெறாத 81 பேரில் 2 பேரும் உயிரிழந்தனர். இறப்புகளுக்கு மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. காரணம் அன்று என்று தள்ளிவிடவும் இயலவில்லை. எனவே 2012 டிசம்பரில் அமெரிக்கா இம்மருந்துக்கு அனுமதி அளித்தபோது கடுமையான எச்சரிக்கையையும் சேர்த்தே அளித்தது.

இவ்வையம் தீர ஆண்டுகள் ஆயின. தென்னாப்பிரிக்காவில் பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான முடிவு, பெடாகுவிலின் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. அதன் பின்னரே இம்மருந்து சிகிச்சையின் மையத்துக்கு வந்தது. அதுவரை பல நோயாளிகள் நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டனர்; அவ்வூசி மருந்துகளால் செவித்திறனை நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு. காத்திருத்தலுக்கும் ஒரு விலை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஏன் நான்கு மருந்துகள்?

“ஒரு நல்ல மருந்து போதாதா?” என்று நோயாளிகள் கேட்பது இயல்பு. இதற்கான விடை 1948-இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்விலேயே கிடைத்தது. ஆறு மாத முடிவில், அம்மருந்தைப் பெற்ற 55 பேரில் 4 பேரே இறந்திருந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்திருந்தனர். பெரும் வெற்றி எனத் தோன்றியது. ஆனால் மருந்தைத் தனியாகக் கொடுத்ததால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகின. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, இரு பிரிவினரின் இறப்புக்கும் இடையிலான வேறுபாடு பெருமளவு மறைந்திருந்தது. அன்றுமுதல் காசநோய்க்குக் கூட்டுமருந்தே விதி. நான்கில் ஒன்றை நீங்களாகவே நிறுத்தினால், மற்ற மூன்றின் வலிமையையும் குறைக்கிறீர்கள்.

அளவைத் திருத்திய அடுத்த ஆய்வுகள்

பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினெசோலிட் ஆகிய மூன்றையும் சேர்த்து தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. மிகக் கடுமையான மருந்து எதிர்ப்புக் காசநோய் கொண்ட அவர்களுள் 90 விழுக்காட்டினருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் 81 விழுக்காட்டினருக்குக் கை கால்களில் நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. லினெசோலிட் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கொடுக்கப்பட்டதே காரணம்.

ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. அளவை 600 மில்லிகிராமாகக் குறைத்து 26 வாரங்கள் கொடுத்தபோது, நல்ல பலன் 91 விழுக்காடாகவே இருந்தது. நரம்புப் பாதிப்பு 24 விழுக்காடாகக் குறைந்தது. இந்தியாவிலும் லினெசோலிட் அளவை ஒப்பிடும் ஆய்வைச் சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியது. மாக்சிஃப்ளாக்சசினையும் சேர்த்த நான்கு மருந்து முறை, பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளில் சோதிக்கப்பட்டது. அதில் 89 விழுக்காட்டினருக்கு நல்ல பலன் கிடைத்தது. பழைய நீண்ட சிகிச்சையில் அது 52 விழுக்காடு. இச்சான்றின் அடிப்படையில் 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. பக்கவிளைவுகளை மறைக்காமல் கூறிய நோயாளிகளாலேயே இன்றைய அளவு அமைந்தது என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாம் படி: ஒப்புதலுக்குப் பின் உள்ள தொலைவு

அனுமதி பெற்ற மருந்து உடனே எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. பெடாகுவிலின் இந்தியாவில் 2016-இல் முதலில் 6 மையங்களில் மட்டுமே நிபந்தனைகளுடன் தொடங்கப்பட்டது. இதயத் துடிப்பைக் கண்காணிக்க இசிஜி வசதி, மருந்து எதிர்ப்பை அறியும் ஆய்வகம், பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைய வேண்டியிருந்தது.

விலையும் ஒரு தடை. இம்மருந்தின் மீதான காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கும் விண்ணப்பத்தை எதிர்த்து, காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் 2019-இல் மனுச் செய்தனர். இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. இதனால் பிற நிறுவனங்களும் இம்மருந்தைத் தயாரிக்க வழி பிறந்தது. நோயாளிகளின் குரலும் சிகிச்சையின் வரலாற்றில் ஓர் அங்கமே.

புதிய மாத்திரை மட்டும்தான் கண்டுபிடிப்பா?

இல்லை. இருக்கும் மருந்தை எவ்வாறு கொடுப்பது என்பதும் ஆய்வுக்குரிய பொருளே. 1950-களில் காசநோயாளிகள் குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் மருத்துவ விடுதிகளில் தங்க வேண்டியிருந்தது. சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு கேள்வியைக் கேட்டது: வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டால் என்ன? வீட்டில் இருந்தவர்களும் விடுதியில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர். வீட்டிலுள்ளோருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. இன்று உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவதற்கு இம்முடிவு அடித்தளமிட்டது. அம்மையமே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

உங்களுக்கு இது எவ்வாறு பொருந்தும்?

ஆறு மாதச் சிகிச்சை எல்லோருக்கும் உரியதன்று. பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

• சாதாரணக் காசநோய்க்கு வழக்கமான 6 மாதச் சிகிச்சையே போதுமானது. புதிய மருந்து வேண்டும் என்று அதனை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது.

• 14 வயதுக்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு பிரெட்டோமனிட்டின் பாதுகாப்பு பற்றிப் போதிய சான்று இல்லை. அவர்களுக்கு வேறு கூட்டுமருந்துகள் உள்ளன. சிகிச்சையின்போது கருவுற்றால் உடனே தெரிவியுங்கள்.

• சிகிச்சை தொடங்குமுன் இசிஜி, இரத்த அணுக்கள், கல்லீரல் செயல்பாடு, பார்வை ஆகியவை பரிசோதிக்கப்படும். இடையிலும் இவை மீண்டும் பார்க்கப்படும். உடல் தேறிவிட்டது என்று இவற்றைத் தவிர்க்காதீர்கள்.

• கை கால் மதமதப்பு அல்லது எரிச்சல், பார்வை மங்குதல், மயக்கம், படபடப்பு, மஞ்சள் காமாலை, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே தெரிவியுங்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம் அல்லது மருந்தை மாற்றலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• மனச்சோர்வுக்கான மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து, இதய மருந்து, நாட்டு மருந்து என நீங்கள் உட்கொள்ளும் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள். சில மருந்துகள் இவற்றோடு சேரக்கூடாதவை.

• மருந்துகளை உணவுடன் உட்கொள்ளுங்கள். மதுவைத் தவிருங்கள்.

அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஊட்டச்சத்துக்காக வழங்கப்படும் நிதியுதவி 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. ஐயங்களுக்கு 1800-11-6666 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

ஆய்வில் சேருமாறு அழைத்தால்

மருந்து ஆய்வில் சேர்வதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்தாலும், இடையில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கக் கோருங்கள். வீட்டாருடன் கலந்து பேசக் கால அவகாசம் கேளுங்கள். அறநெறிக் குழுவின் அனுமதி உண்டா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அவ்வாய்வு பதிவாகியுள்ளதா, பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

காசநோய்க்கான புதிய தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்ட ஆய்வு 2024-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. ஏறத்தாழ 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிடப்பட்ட ஆய்வு அது. முந்தைய கட்டத்தில் அத்தடுப்பூசி நுரையீரல் காசநோயை ஏறத்தாழ பாதியளவு தடுத்தது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் பெருந்தொகையினரிடம் நடக்கும் ஆய்வின் முடிவு வரும் வரை அது சிகிச்சை நிலையத்தில் கிடைக்கும் தடுப்பூசி அன்று.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சோதனை நடந்தது ஆய்வகத்திலா, விலங்கிலா, மனிதரிடமா? எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டு? இந்தியாவில் ஒப்புதல் பெற்றுள்ளதா? மூன்றுக்கும் தெளிவான விடை இல்லையெனில், அது நாளைய நம்பிக்கை. இன்று உங்கள் கையிலுள்ள மருந்து, இந்த எல்லாக் கேள்விகளுக்கும் விடை கூறிய பின்னரே உங்களிடம் வந்துள்ளது; அதனை நாள் தவறாமல் உட்கொள்ளுங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுக்கவும்.