எலும்புக்குள் தசைப் புற்றுநோய்: பயாப்சியை எங்கே எடுப்பது என்பது ஏன் முக்கியம்?

முட்டி வலியா? 'சுளுக்குதான், கட்டு போட்டா சரியாகிடும்' என்பார்கள். ரிஷிவந்தியம் பக்கம் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இதே பேச்சுதான். பெரும்பாலும் அது சுளுக்காகவே இருக்கும். ஆனால், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி வாரக்கணக்கில் நீடித்தால் எண்ணெய் போட்டு நீவாதீங்க, எக்ஸ்ரே எடுங்க.

எலும்பு அரித்ததுபோல் தெரிந்தால் பல காரணங்கள் இருக்கலாம். மிக அரிதான ஒன்று, லியோமயோசர்கோமா.

எலும்புக்குள் தசை ஏது?

குடல், கர்ப்பப்பை, ரத்தக்குழாய்ச் சுவர்களில் தானாக இயங்கும் மென்தசை உண்டு. எலும்புக்குள் ஓடும் ரத்தக்குழாய்களிலிருந்து இந்தப் புற்று தொடங்கலாம் எனக் கருதப்படுகிறது. எலும்பில் உருவாகும் புற்றுநோய்களில் இது 1 சதவீதத்துக்கும் குறைவு. முட்டியை ஒட்டிய எலும்புகளில்தான் அதிகம்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

ஸ்கேன் மட்டும் போதாது. பயாப்சியில் எடுத்த திசுவில் ஆக்டின், டெஸ்மின் போன்ற தசைப் புரதங்கள் உள்ளனவா எனச் சோதிப்பார்கள். கர்ப்பப்பை போன்ற வேறு உறுப்பிலிருந்து பரவியதா என்று சிடி ஸ்கேனில் தேடுவார்கள். பரவியது என்றால் சிகிச்சையே மாறிவிடும்.

யார் எடுக்க வேண்டும்?

ஊசி போகும் பாதையிலும் புற்றுசெல்கள் ஒட்டலாம். ஆபரேஷனில் அந்தப் பாதையையும் சேர்த்து அகற்றுவது வழக்கம். தப்பான இடத்தில் குத்தினால் காலைக் காப்பாற்றுவதே கஷ்டமாகிவிடலாம்.

எனவே எக்ஸ்ரேயை கள்ளக்குறிச்சியிலேயே எடுக்கலாம். சந்தேகம் வந்தால் புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு புற்றுநோய் மையம் போன்ற இடங்களுக்குப் போங்க. ஆபரேஷன் செய்யப்போகும் குழுவே பயாப்சியையும் எடுக்கட்டும்.