பெயரைத் தடுக்கும் வேலி

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வஸ்கமுவ தேசியப் பூங்காவை அடுத்துக் கிடக்கிறது வில்கமுவ. யானைகளுக்கும் மனிதருக்கும் இடையே நடக்கும் முடிவில்லாத வழக்கைப் பற்றி எழுதுவதற்காகச் சில தடவை அங்கே போயிருக்கிறேன். அண்மையில் போனபோதும் நோக்கம் அதுவே. ஆனால் திரும்பி வருகையில் என் மனத்தில் நின்றது யானையன்று. மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கும் சின்னஞ்சிறு புள்ளி.

ஹெட்டிப்பொல கடைத்தெருவில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை. போட்டோப் பிரதி எடுத்துக் கொடுப்பதோடு, இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் அங்கே நடக்கிறது. எனக்கும் அன்று ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. எந்த நிறுவனத்துக்கு என்பது இங்கே முக்கியமன்று. படிவம் மும்மொழியிலும் இருந்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, என் பெயரைத் தமிழில் தட்டினேன். பெயரில் ஏற்க முடியாத எழுத்துகள் உள்ளன என்று சிவப்பு நிறத்தில் பதில் வந்தது. முன்னெழுத்துக்குப் பின்னால் இட்ட புள்ளியை எடுத்துப் பார்த்தேன். இடைவெளியை எடுத்துப் பார்த்தேன். பயனில்லை. கடையிலிருந்த சிங்கள இளைஞர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “சேர், அதுக்குள்ள தமிழும் போகாது, சிங்களமும் போகாது. இங்கிலீஷில அடிச்சாச் சரி” என்றார். அவருடைய சொந்தப் பெயரையும் அந்தப் படிவம் ஒருமுறை தள்ளிவிட்டதாம்.

தமிழ்ப் படிவத்தில் தமிழ்ப் பெயர் செல்லாது. சிங்களப் படிவத்தில் சிங்களப் பெயர் செல்லாது. இதை மொழிப் பாகுபாடு என்று ஒரு தலையங்கம் எழுதி முடித்திருப்பேன். மென்பொருள் துறையில் இருக்கும் என் அண்ணன் மகன்தான் தடுத்தான். “சித்தப்பா, யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். பாதுகாப்பு விதியை இறுக்கியிருப்பார்கள். இறுக்கியவருக்கு நம் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்காது” என்றான். நான் கலைப் பட்டதாரி. கணினியின் உட்பக்கம் எனக்கு இருட்டு. இருந்தாலும் அவனிடம் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விதிகளை இறுக்கத்தான் வேண்டும். பெயர் கேட்கும் கட்டத்தில் பெயரை எழுதாமல், தரவுத்தளத்துக்கான கட்டளையை எழுதி உள்ளே நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வருவதைச் சோதிக்காமல் நம்பிவிடும் மென்பொருள், அந்தக் கட்டளையை எஜமானின் சொல்லாக எண்ணி நிறைவேற்றிவிடும். 2014 ஏப்ரலில் உலகையே உலுக்கிய ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இணையத்தில் இரகசியம் காக்கும் ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ என்னும் திறந்த மூல மென்பொருளிடம், ஓரிரு எழுத்தை அனுப்பிவிட்டு, “நான் அனுப்பியது 64 கிலோபைட், அவ்வளவையும் திருப்பித் தா” என்று கேட்டால் போதும். சொன்ன அளவும் வந்த அளவும் ஒன்றா என்று பார்க்காமல், தன் நினைவகத்தில் அடுத்துக் கிடந்ததையெல்லாம் அது அள்ளிக் கொடுத்தது. 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்னும் இன்னொரு திறந்த மூல நிரலிலும், குறிப்பேட்டில் பதிவதற்காக வந்த வெறும் வாசகமே கட்டளையாக மாறியது. இவற்றுக்குப் பிறகு சோதனைகள் கடுமையாவது இயல்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையவெளித் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் அமுலுக்கு வந்தது. அதன் முழுக் கடப்பாடுகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். இறுக்கம் இனியும் கூடும் என்பதில் ஐயமில்லை.

ஆகவே என் கேள்வி, வேலி வேண்டுமா என்பதன்று. வேலியை எங்கே போடுவது என்பதே.

நம் எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ‘கோபாலன்’ என்பது நமக்கு நான்கு எழுத்து. யுனிகோட் முறையில் அது ஏழு குறியீடு. க, ப, ல, ன ஆகிய நான்கும் ‘எழுத்து’ என்ற வகையில் சேர்க்கப்பட்டவை. ஓகாரக் குறியும், ஆகாரக் காலும், புள்ளியும் ‘எழுத்து’ அல்ல. ‘குறி’ என்ற வேறு வகை. பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு விதி எழுதினால், அந்த விதி தமிழில் புள்ளியையும் கொம்பையும் காலையும் வெளியே நிறுத்திவிடும். சில மென்பொருள்கள் தடுப்பதோடு நில்லாமல் ‘சுத்தம்’ செய்கின்றன. அப்படிச் செய்தால் கோபாலன் ‘கபலன’ ஆவார். மல்லிகா ‘மலலக’ ஆவார். பலரும் பயன்படுத்தும் பைத்தன் மொழியில், சொல்லுக்குரிய எழுத்தைக் கண்டறியும் வழக்கமான குறுக்குவழி நம் புள்ளியை ஏற்பதில்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதிய வழக்கத்தால், ஏட்டைப் பெயர்த்துப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பட்ட பாட்டை நாம் அறிவோம். அன்று எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்ற காரணம் சொன்னார்கள். இன்று அந்தக் காரணமும் இல்லை.

நீளத்திலும் இதே கதை. ‘கோபாலகிருஷ்ணன்’ நமக்கு எட்டு எழுத்து. கணினிக்குப் பதினான்கு குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 42 பைட். ஒரு பைட்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து என்று கணக்குப் போட்டு, பெயருக்கு 40 பைட் போதும் என்று எல்லை வைத்தால், அந்த ஒற்றைப் பெயரே அதற்குள் அடங்காது. தந்தை பெயரை எங்கே எழுதுவது?

சிங்களத்தின் சிக்கல் இன்னும் விசித்திரமானது. ஹெட்டிப்பொல இளைஞரின் பெயரில் ‘ந்திர’ என்ற கூட்டெழுத்து வருகிறது. சிங்களத்தில் அப்படிப்பட்ட கூட்டெழுத்தை எழுத, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி இடையில் வர வேண்டும். ‘ஸ்ரீ லங்கா’ என்று சிங்களத்தில் எழுதவும் அந்தக் குறி தேவை. கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் பாதுகாப்பு வல்லுநர்கள் சந்தேகிப்பதற்கு நியாயம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் பவுச்சரும் ரொஸ் அண்டர்சனும், எழுத்தோட்டத்தின் திசையை மாற்றும் மறைகுறிகளைக் கொண்டு, படிப்பவர் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறொன்றாகவும் தெரியும் நிரலை எழுதலாம் என்று 2021இல் காட்டினார்கள். அதைக் கேட்டு, மறைகுறி எல்லாவற்றையும் தள்ளிவிடு என்று ஒருவர் விதி போட்டால், ஒரு நாட்டின் பெயரே அந்த நாட்டு மொழியில் உடைந்துபோகும்.

எங்கள் தலைமுறைக்கு இது புதிதன்று. நாங்கள் பாமினி எழுத்துருவில் செய்தி தட்டிப் பழகியவர்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் குடியிருந்தன. புள்ளி இருந்த இடம் அரைப்புள்ளியின் இடம். ‘ஈ’ இருந்த இடம் கோணக்குறியின் இடம். தரவுத்தளக் கட்டளையை முடிப்பது அரைப்புள்ளி. இணையப் பக்கத்தில் நிரலைத் தொடக்குவது கோணக்குறி. பாதுகாப்பு விதி முதலில் சந்தேகிக்கும் இரண்டும் நம் எழுத்தாக இருந்தன! யுனிகோட் வந்ததும் அந்த வில்லங்கம் தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். வில்லங்கம் வேறு வாசலால் வந்திருக்கிறது.

இனி வில்கமுவ வேலிக்கு வருகிறேன். இலங்கையில் யானை வேலிகளைப் பல இடங்களில் வனப் பூங்காவின் நிர்வாக எல்லையில் போட்டார்கள். வரைபடத்தில் அது அழகான கோடு. ஆனால் யானை வரைபடம் பார்ப்பதில்லை; வேலியின் இரு புறமும் யானைகள் இருந்தன. பிரித்திவிராஜ் பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவந்தது, காட்டின் குறுக்கே கோடு கிழிக்காதீர்கள், ஊரையும் வயலையும் சுற்றிப் போடுங்கள் என்பதே. 2020இல் அவர் தலைமையிலான குழு தயாரித்த தேசியச் செயற்றிட்டமும் இதையே வற்புறுத்தியது. வேலியை ஊர்மக்கள் தாமே பராமரிக்க வேண்டும் என்பது அந்த அணுகுமுறையின் மறுபாதி. கம்பியைத் தொடும் புல்லை வெட்டாவிட்டால் மின்சாரம் கசிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வேலியானாலும் புல்லுக்குத் தோற்றுப்போகும்.

மென்பொருளிலும் காக்க வேண்டிய வயல் எது? கட்டளை நிறைவேறும் இடம். பெயரையும் கட்டளையையும் ஒரே வரியில் குழைக்காமல், பெயர் எப்போதும் பெயராகவே நிற்கும்படி தனித்தனியே தரவுத்தளத்துக்கு அனுப்பும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. பக்கத்தில் காட்டும்போது கோணக்குறியை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டும் முறையும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால், பெயரில் என்ன எழுத்து வந்தாலும் அதனால் கட்டளை பிறக்காது. இவற்றைச் செய்யாமல் வாசலில் எழுத்துகளைத் தடுப்பது, காட்டின் குறுக்கே கோடு கிழிப்பது போன்றதுதான். திருடன் வேறு வழியாக வருவான். வீட்டுக்காரன் வெளியே நிற்பான்.

வாசலிலும் காவல் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல முன்மாதிரி உண்டு. இணைய முகவரிகளுக்காக 2010இல் வெளியான சர்வதேச விதி, அந்த மறை இணைப்புக் குறியை முற்றாகத் தடுக்கவில்லை. எங்கும் அனுமதிக்கவும் இல்லை. புள்ளிக்கு நிகரான குறியை அடுத்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்றது. மொழியறிந்தவர்கள் உட்கார்ந்து எழுதிய இறுக்கம் அது. அதே ஆண்டில்தான் ‘.இலங்கை’ என்ற தமிழ் முகவரிக்கும் வழி பிறந்தது.

இது வெறும் வசதிக்குறைவுதானே, ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். எங்கள் நாட்டில் பெயர் என்பது அவ்வளவு எளிய காரியமன்று. மலையகத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்குத் தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மற்றொன்று இருப்பது எல்லோரும் அறிந்த துயரம். ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் வயதில், மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க அலைகிறார்கள். பிழையாகக் காதில் விழுந்த பெயரைப் பிழையாக எழுதிய எழுத்தர்கள் அன்று செய்ததை, இன்று ஒரு விதி ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் செய்துவிடும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றித் திரண்ட தொண்டர்கள் ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை இலங்கையில் உருவாக்கினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் எல்லாவற்றையும் பதியும் ஏற்பாடு அது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலன் விருது அதற்குக் கிடைத்தது. பின்னர் பாகிஸ்தானிலும் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. அத்தகைய பதிவேடு ஒன்றில், தேடும் தாய் ஒரு விதமாகவும் முகாமில் பதிந்தவர் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால், இரு பெயரும் சந்திக்கவே மாட்டா. பெயரைத் தடுக்கும் வேலியின் விலை அங்கேதான் தெரியும்.

குறை சொல்வதோடு நிற்க எனக்கு மனமில்லை. திறந்த மூல மென்பொருளின் பெருமையே, விதி எழுதப்பட்ட வரியை யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம் என்பதுதான். எழுத்தோடு குறியையும் ஏற்றுக்கொள் என்று மாற்ற, பெரும்பாலும் ஒரு வரி போதும் என்கிறான் அண்ணன் மகன். அந்த ஒரு வரியை அனுப்ப நாம் யாராவது இருந்தோமா? ‘ஹார்ட்பிளீட்’ வெளிப்பட்டபோது, உலக வங்கிகள் நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர ஊழியர் ஒருவரே இருந்தார். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் என்று அப்போது தெரியவந்தது. 2024இல் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளில் இரகசியக் கதவு நுழைந்ததும், தனியாகச் சுமந்து களைத்த ஒருவருக்கு உதவுவதாக வந்தவரால்தான். புல் வெட்ட ஆளில்லாத வேலிகள் இவை.

உலகெங்கும் மென்பொருள் துறையில் தமிழர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வேலைசெய்யும் மென்பொருளின் பரிசோதனைப் பட்டியலில் நம் பெயர்களைச் சேருங்கள்: முன்னெழுத்தோடு ஒன்று, குடும்பப் பெயரே இல்லாத ஒற்றைப் பெயர் ஒன்று, நீண்ட பெயர் ஒன்று, கிரந்தம் கலந்த பெயர் ஒன்று. கூட்டெழுத்துள்ள சிங்களப் பெயரையும் சேருங்கள். இந்த விடயத்தில் அவர்கள் படும் பாடும் நம்முடையதே. ஒவ்வொரு முறை விதி இறுகும்போதும் அந்தப் பெயர்கள் உள்ளே வருகின்றனவா என்று கணினியே பார்த்துக்கொள்ளும். அரச நிறுவனங்களும் மும்மொழிப் படிவம் என்று பணம் கொடுத்து ஏற்கும் முன், மூன்று மொழியிலும் மூன்று பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அதற்கு நிபுணர் தேவையில்லை. ஹெட்டிப்பொல கடை இளைஞரே போதும்.

அன்று என் விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போனது. என் பெயருக்கு ஏற்கெனவே மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல் உண்டு. அவசரத்தில் அந்த இளைஞர் தட்டியது நான்காவது. கவனித்தபோது படிவம் போய்விட்டது. “பரவாயில்லை சேர், அது ஏத்துக்கொண்டது” என்றார் அவர்.