வழுவா, வழுவமைதியா?

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் பணி முடித்துத் திருவனந்தபுரம் வழியாகப் பாறசாலை, குழித்துறை, நாகர்கோவில் என்று ஊர் திரும்பும் இளைஞர்களை மாலை ரயில்களில் காணலாம். பலரது கையிலும் கைபேசி. அதில் ஏதேனும் ஓர் இணைய விளையாட்டு. புதிதாக ஒரு விளையாட்டு வெளிவந்த வாரமெனில் திரை உறைந்து நிற்கும். சர்வர் இணைப்பு அறுந்து போகும். காசு கொடுத்து வாங்கிய ஆயுதம் கணக்கில் சேராது. எரிச்சலடையும் இளைஞருக்கு அருகில் இருப்பவர் கூறும் ஆறுதல் எப்போதும் ஒன்றுதான்: புதிதாக வந்தது, அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்.

இந்த ஆறுதல் மொழி தானாகப் பிறந்ததன்று. உலகெங்கும் பெரும் விளையாட்டு நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயிற்றுவித்துவரும் பொறுமை இது. அதை ஏற்பதா, மறுப்பதா என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

கட்சி ஏட்டில் விளையாட்டைப் பற்றிய விவாதம் எதற்கு என்று சில தோழர்கள் வினவக்கூடும். இணைய விளையாட்டு என்றவுடன் நம் நாட்டில் சூதாட்டம் பற்றிய பேச்சு மட்டுமே எழுகிறது. 2021 பிப்ரவரியில் கேரள அரசு பணம் வைத்து ஆடும் இணையவழி ரம்மியைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணப் பந்தய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அவை தனி விவாதம். ஆனால் சூதாட்டம் அல்லாத விளையாட்டும் ஒரு பண்டமே. அதைச் செய்பவர் தொழிலாளி. வாங்குபவரும் பெரும்பாலும் தொழிலாளியே. பழுதுள்ள பண்டத்தை உழைப்பாளியின் தலையில் கட்டும் வணிகம் எத்துறையில் நடந்தாலும் அது கட்சியின் அக்கறைக்குரியது.

எது வழு, எது அமைதி?

மென்பொருளில் நேரும் பழுதைக் கணினித் தமிழில் ‘வழு’ என்கின்றனர். பொருத்தமான சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை வழுக்களைத் தமிழ் இலக்கணம் வகுத்தது. அதனோடு ‘வழுவமைதி’ என்ற ஒன்றையும் வகுத்தது. வழுவே எனினும் தக்க காரணம் இருப்பின் அதைக் குற்றமாகக் கொள்ளாமல் ஏற்பது வழுவமைதி. பசுவை அன்பின் மிகுதியால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழு. அன்பு காரணமாதலின் அமைக்கப்படுகிறது. காரணம் இல்லாத இடத்தில் அமைதி இல்லை.

விளையாட்டு நிறுவனங்கள் கோருவது இத்தகைய அமைதியையே. அவர்கள் கூறும் காரணம் ஏற்கத்தக்கதா?

பல லட்சம் வரிகள் கொண்ட நிரலில் ஒரு பிழைகூட இல்லாமல் வெளியிடுதல் இயலாது என்கின்றனர். உண்மையே. விதவிதமான கைபேசிகளில், வெவ்வேறு இணைய வேகங்களில், லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும்போது மட்டுமே வெளிப்படும் வழுக்கள் உண்டு. மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறு விளையாட்டை உருவாக்கி, ‘இது இன்னும் முடியவில்லை’ என்று முகப்பிலேயே எழுதிக் குறைந்த விலைக்குத் தருவார்களாயின், அங்கே பொறுமை காட்டுதல் நியாயம். வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார்.

அறியாமல் தங்கிவிட்ட வழு வேறு. அறிந்தே விற்கப்படும் வழு வேறு. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டை வெளியிட்டது. அது தனியாக ஆடும் விளையாட்டாயினும் இத்துறையின் இயல்பை அதுபோல் வெளிச்சமிட்டுக் காட்டியது வேறில்லை. 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தனர். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்டது கணினியில் ஓடும் பதிப்பு மட்டுமே. பழைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளில் அது எவ்வாறு தள்ளாடுகிறது என்பதை வாங்கியவர்கள் வாங்கிய பின்னரே கண்டனர். எதிர்ப்பு வலுத்தபோது, வெளியான ஒரு வாரத்துக்குள் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஆறு மாதங்களுக்குப் பின்னரே அது மீண்டும் அங்கு விற்பனைக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் பொறுமை காத்திருந்தால் இவற்றுள் எதுவும் நடந்திராது.

தேசப்பற்று என்னும் உறை

நம் நாட்டில் இதே பொறுமை வேறோர் உறையில் வந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு பப்ஜி விளையாட்டைத் தடை செய்தது. இரண்டே நாட்களில் நடிகர் அக்ஷய் குமார் ‘ஃபௌ-ஜி’ என்ற விளையாட்டை அறிவித்தார். ‘தற்சார்பு இந்தியா’ என்ற முழக்கமும், நிகர வருவாயில் 20 விழுக்காடு வீரர் நல நிதிக்கு என்ற வாக்குறுதியும் உடன் வந்தன. பெங்களூருவின் என்கோர் கேம்ஸ் நிறுவனம் 2021 ஜனவரி 26 அன்று, குடியரசு நாளைத் தேர்ந்தெடுத்து, அதை வெளியிட்டது. பலர் கூடி ஆடும் பகுதியை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதல் நாளில் கிடைத்தது கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட தனியாட்டம் ஒன்று மட்டுமே. குழுவாக ஆடும் பகுதி பல மாதங்கள் கழித்தே வந்தது. சில நாட்களிலேயே கூகுள் கடையில் அதன் மதிப்பெண் சரிந்தது.

குறை கூறியவர்களுக்குச் சமூக ஊடகங்களில் கிடைத்த மறுமொழி என்ன? இது நம் நாட்டுத் தயாரிப்பு, ஆதரிக்க வேண்டும் என்பதே. தேசப்பற்று ஒரு மென்பொருளின் தரச்சான்றாக மாற்றப்பட்டது. எல்லையில் நிற்கும் வீரரின் பெயரைச் சொல்லி முடிவுறாத பண்டத்தை ஏற்கச் செய்வது அவ்வீரருக்குச் செய்யும் மரியாதை அன்று. விளையாட்டை உண்மையில் உருவாக்கிய இந்தியப் பொறியாளர்களுக்கும் அது மரியாதை அன்று. அவர்களுக்குப் போதிய காலம் தரப்பட்டதா என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை.

வழு எங்கே பிறக்கிறது?

இக்கேள்விதான் அடிப்படையானது. ஆட்டக்காரரின் சினம் பல வேளைகளில் தவறான முகவரிக்குச் செல்கிறது. ‘சோம்பேறி நிரலாளர்கள்’, ‘டெஸ்டர்கள் உறங்கினார்களா’ என்று ஏசுகின்றனர். டெஸ்டர் எனப்படும் சோதனையாளர் உறங்கவில்லை; உறங்க அவருக்கு நேரமே தரப்படவில்லை. சைபர்பங்க் வெளியாவதற்கு முந்தைய வாரங்களில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை கட்டாயமாக்கப்பட்டது. கட்டாய மிகைநேர உழைப்பு இல்லை என்று முன்பு உறுதி கூறிய அதே நிர்வாகம்தான் இதையும் செய்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரேவன் நிறுவனத்தில் நடந்தது இன்னும் தெளிவானது. ‘கால் ஆஃப் டியூட்டி: வார்சோன்’ என்னும் இணைய விளையாட்டைச் சோதித்து வழுக்களைக் கண்டறிந்து வந்த ஒப்பந்தச் சோதனையாளர்களில் 12 பேருக்கு 2021 டிசம்பர் தொடக்கத்தில் வேலை நீக்க அறிவிப்பு தரப்பட்டது. மறுவாரமே அவர்களது தோழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதே வாரத்தில் நிறுவனம் புதிய ஆட்டக்களத்தை வெளியிட்டது. வழுக்கள் மலிந்தன, ஆட்டக்காரர்கள் கொதித்தனர். இறுதியில், குறைகளைக் களைவதற்கென்றே அடுத்த பருவத்தை 2022 பிப்ரவரி 14 வரை தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. சோதிப்பவர்களை வெளியே அனுப்பும் நிறுவனம் அவர்களது வேலையைச் சம்பளமின்றி யாரிடம் ஒப்படைக்கிறது? காசு கொடுத்து வாங்கிய ஆட்டக்காரரிடம். வழுவைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புபவர் அவர். அதற்கான விலையையும் செலுத்துபவர் அவரே.

ரேவன் தொழிலாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. தொழிற்சங்கம் அமைத்தனர். 2022 மே 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 19 பேர் சங்கத்துக்கு ஆதரவாகவும் 3 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமான ஸெனிமேக்ஸில் ஏறத்தாழ 300 சோதனையாளர்கள் அதே வழியில் சென்றனர்.

மார்க்ஸ் கண்ட ரொட்டி

பண்டத்தின் பழுதுக்கும் உழைப்பாளியின் களைப்புக்கும் உள்ள உறவு புதிதன்று. ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில், லண்டன் ரொட்டித் தொழிலாளர்களின் நிலையை மார்க்ஸ் விவரிக்கிறார். இரவெல்லாம் மாவு பிசைந்த அத்தொழிலாளர்களின் குறைகளை விசாரித்த அரசு ஆணையர் ட்ரெமென்ஹீரின் 1862 அறிக்கையை அவர் சான்றாகக் கொள்கிறார். விலையைக் குறைத்து விற்ற முதலாளிகள் இரு வழிகளில் ஈடுகட்டினர்: ரொட்டியில் படிகாரம் கலந்தனர், கூலியின்றிக் கூடுதல் நேரம் வேலை வாங்கினர். கலப்படமும் மிகையுழைப்பும் ஒரே அடுப்பில் வெந்தன.

கலப்படச் செய்தி வெளிவந்தபோது லண்டன் மக்கள் கொதித்தனர். அக்கொதிப்பின் ஊடாகவே ரொட்டித் தொழிலாளியின் இரவு வேலையும் நாடாளுமன்றத்தின் கண்ணில் பட்டது. 1863-இல் இயற்றப்பட்ட சட்டம் 18 வயதுக்குட்பட்டோரை இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்குவதைத் தடுத்தது. சிறிய வெற்றிதான். எனினும் வாங்குபவரின் புகார் செய்பவரின் உரிமையோடு இணையும்போது என்ன நிகழும் என்பதை அது காட்டியது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி உபதேசிக்கும் நாட்டில் இந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை.

திருவனந்தபுரத்தின் மறுமொழி

இங்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. கட்டற்ற மென்பொருளிலும் வழுக்கள் உள்ளனவே. அங்கே பயனர்கள் பொறுமையுடன் அறிக்கை அனுப்பித் திருத்த உதவுகிறார்களே. இடதுசாரிகள் அதைப் போற்றுகிறார்களே. விளையாட்டுக்கு மட்டும் வேறு நீதியா?

இதற்கான விடை திருவனந்தபுரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. அந்த இயங்குதளத்தில் ஓர் ஆசிரியர் வழுவொன்றைக் கண்டு அறிவித்தால், திருத்தம் எல்லோருக்கும் உரியதாகிறது. மூல நிரல் திறந்திருக்கிறது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அங்கே காட்டும் பொறுமை பொதுக்கிணற்றைத் தூர்வாரும் ஊராரின் உழைப்பைப் போன்றது.

இணைய விளையாட்டிலோ நிரல் பூட்டப்பட்டுள்ளது. ஆட்டக்காரர் வாங்கிய பொருள்கூட அவருக்குச் சொந்தமன்று. பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று ஒப்பந்தம் சொல்கிறது. நிறுவனம் சர்வரை நிறுத்தும் நாளில் எல்லாம் மறைந்துவிடும். அவர் தேடித் தந்த வழுவின் பயன் பங்குதாரரின் கணக்கில் சேர்கிறது. தனியார் கிணற்றைத் தூர்வாரிக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்கும் காசு கொடுப்பதைப் பொறுமை என்று அழைக்க இயலாது.

சட்டத்தின் வழு

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்குமா? பழுதுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் அத்தியாயம் அதில் உள்ளது. ஆனால் ‘பொருள்’ என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை வாயு, திரவ, திட நிலைகளைப் பற்றிப் பேசுகிறது. மென்பொருள் இம்மூன்றில் எது? ‘சேவை’ என்பதன் வரையறையோ கட்டணமின்றி வழங்கப்படும் சேவையை விலக்கிவிடுகிறது. கைபேசி விளையாட்டுகளில் பெரும்பாலானவை இலவசம் என்ற பெயரில் நுழைந்து உள்ளே காசு பறிப்பவை. நிறுவனத்தின் வழக்கறிஞர் நுழைய இவ்வளவு இடைவெளி போதும்.

முதலாளித்துவ நாடுகளே இதைக் கடந்துவிட்டன. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் காசு கொடுத்து வாங்கும் டிஜிட்டல் உள்ளடக்கம் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இல்லையெனில் திருத்தமோ விலைக்குறைப்போ கோரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு நெறியுறுத்தல் மென்பொருளை வெளிப்படையாகவே ‘பொருள்’ என்ற வரையறைக்குள் சேர்த்தது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. மென்பொருளையும், உள்ளே காசு பெறும் ‘இலவச’ விளையாட்டையும் நுகர்வோர் சட்டத்தின் வரையறைக்குள் ஐயத்துக்கு இடமின்றிக் கொண்டுவர வேண்டும். வெளியீட்டு நாளில் அறியப்பட்டிருந்த வழுக்களின் பட்டியலை நிறுவனம் வெளியிட வேண்டும். மறைத்து விற்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சோதனையாளர்களுக்கு வேலை நேர வரம்பும், மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியமும், பணி நிரந்தரமும், சங்கம் சேரும் உரிமையும் உறுதி செய்யப்பட வேண்டும். ‘இது இன்னும் தயாராகவில்லை’ என்று சொல்லும் சோதனையாளர் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது.

கேரளத்திலும் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஐ.டி. ஊழியர் சங்கங்கள் செயல்படுகின்றன. அவை இக்கோரிக்கைகளை ஆட்டக்காரர்களான இளைஞர்களிடமும் கொண்டுசெல்ல வேண்டும். மாணவர், இளைஞர் அமைப்புகளின் தோழர்கள் விளையாடும் இளைஞரை இகழ்வதை விடுத்து, அவரது எரிச்சலிலிருந்து உரையாடலைத் தொடங்க வேண்டும். திரை உறையும் அந்த நொடியில் அவர் காண்பது ஒரு நிரலின் பழுதை. அதன் பின்னால் உறக்கமின்றி அமர்ந்திருக்கும் இன்னொரு தொழிலாளியை அவருக்குக் காட்டுவதே கட்சியின் பணி. அத்தொழிலாளி, அதே ரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்து கண்ணயர்பவராகவும் இருக்கலாம்.

இலக்கணம் அன்புக்காக வழுவை அமைத்தது. இலாபத்துக்காக வழுவை அமைக்க எந்த இலக்கணத்திலும் இடமில்லை.