கூடம் கோணலா, கண் மங்கலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐம்பது வயதுக்கு மேல் ரைஃபிள் கிளப்புக்குப் போகும் என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பழமொழியைச் சொன்னார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குண்டு குறியில் விழாவிட்டால் தோட்டாவில் ஈரம் என்போம், குழல் தேய்ந்துவிட்டது என்போம், காற்று என்போம். கண்ணைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டோம்.

நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். படையில் இருந்தபோது லீ-என்ஃபீல்டு .303 துப்பாக்கியில் பழகிய கை இது. அது ராணுவ ரகம் என்பதால் தனிநபருக்குச் சாதாரணமாக உரிமம் கிடைப்பதில்லை. அதே அமைப்பில் நம் நாட்டிலேயே செய்யப்படும் .315 ரைஃபிளைத்தான் ஓய்வு பெற்றபின் வாங்கினேன். சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, நான் சுட்ட ஐந்தில் மூன்று குண்டுகள் பக்கத்து அட்டையில் போய் விழுந்திருந்தன. அங்கே சுட்டுக்கொண்டிருந்தவன் கல்லூரிப் பையன். "அங்கிள், உங்கள் மூன்றும் என் அட்டையில் இருக்கின்றன" என்று இந்தியில் மரியாதையாகச் சொன்னான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

வீட்டில் சொன்னதும் மகன், "அப்பா, ஒரு டெலஸ்கோப் மாட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்றான். கிளப்பில் பாதிப் பேர் சொல்வதும் அதுதான். அது தவறான வரிசை என்பதே என் கருத்து. முதலில் கண், அடுத்தது ஓட்டை சைட், டெலஸ்கோப் கடைசி.

காரணத்தைச் சொல்கிறேன். பழைய லீ-என்ஃபீல்டில் பேக்சைட் என்பது குழலின் மேல் உள்ள ஒரு சிறு பள்ளம். அது கண்ணிலிருந்து சுமார் அரை மீட்டரில் இருக்கிறது. முனையில் இருக்கும் ஃபோர்சைட் சுமார் 1 மீட்டரில். குறி அட்டையோ 100 மீட்டருக்கு அப்பால். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண எந்தக் கண்ணாலும் முடியாது. இளம் கண் சட்டென்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் சமாளித்துவிடும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தபின், கண்ணின் லென்ஸ் இறுகி, அந்தத் தாவல் நின்றுவிடுகிறது. இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 19 அங்குலம்தான். அங்கே 1 மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகும்.

ஆங்கிலேயர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1920-களில் பேக்சைட்டைக் கண்ணுக்கு அருகே நகர்த்தி, பள்ளத்துக்குப் பதில் ஓட்டை வைத்துச் சோதித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் வந்த நம்பர் 4 ரைஃபிளில் அதுவே நிலைத்தது. சைட்டுகளின் இடைவெளியும் சுமார் 28 அங்குலமாயிற்று. நம் ஈஷாப்பூர் தொழிற்சாலை மட்டும் பழைய பள்ளத்தையே தொடர்ந்தது. 1962 போருக்குப் பின் 7.62 தோட்டாவுக்காகச் செய்த ரைஃபிளிலும் அதே பள்ளம்தான். பின்னால் வந்த எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் இரண்டிலும் ஓட்டை சைட் உண்டு என்பது படையில் இருந்த அன்பர்களுக்குத் தெரியும்.

ஓட்டைக்கு அப்படி என்ன மகிமை? நீங்களே பார்க்கலாம். ஒரு விசிட்டிங் கார்டில் ஊசியால் ஒரு துளை போட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதன் வழியே செய்தித்தாளைப் பாருங்கள். மங்கலாக இருந்த எழுத்து தெளியும். சிறு துளை, சிதறும் ஒளியைத் தடுத்து, கிட்டத்தையும் தூரத்தையும் ஓரளவு ஒன்றாகத் தெளிவாக்குகிறது. தவிர, ஓட்டையை நாம் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கண் தானாகவே நடுவுக்குப் போய்விடும். மூன்று கவலையில் ஒன்று கழிந்தது.

அதற்கும் முன்னால் கண்ணாடி. படிக்கும் கண்ணாடி இதற்கு உதவாது. அது ஒன்றேகால் அடிக்கானது. பைஃபோகலும் உதவாது, குப்புறப் படுத்துச் சுடும்போது கண்ணாடியின் மேல் ஓரத்தின் வழியாகத்தான் பார்க்கிறோம். தூரப் பார்வைக்கான பவரோடு அரை டயாப்டர் கூட்டி, சுடுவதற்கென்றே ஒரே பவரில் ஒரு கண்ணாடி செய்துகொண்டால், ஃபோர்சைட்டும் அட்டையும் இரண்டுமே ஏறக்குறைய தெரியும். ஃபோர்சைட் இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால் முக்கால். ஃபோர்சைட் தெளிவாகவும் அட்டை சற்று மங்கலாகவும் இருப்பதே சரி. கண் டாக்டரிடம் அந்த 1 மீட்டர் கணக்கைச் சொன்னால் போதும்.

டெலஸ்கோப்பை நான் பழிக்கவில்லை. அதில் எல்லாமே ஒரே தளத்தில் தெரியும். வயதான கண்ணுக்கு அது வரம்தான். ஆனால் பழைய ராணுவ ரைஃபிளின் கட்டை, தாழ்வான சைட்டுக்காகச் செதுக்கியது. டெலஸ்கோப் வைத்தால் கன்னம் கட்டையில் பதியாமல் தலை அந்தரத்தில் நிற்கும். அதைப் பொருத்தப் பல சமயம் உடற்பகுதியைத் துளைபோட வேண்டும். போட்ட துளையை மூட முடியாது. ஓப்பன் சைட், பீப் சைட் போட்டிகளில் அதற்கு இடமும் இல்லை. எதைப் பொருத்துவதானாலும் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடமே கொடுங்கள். பழுது பார்க்கவும் மாற்றவும் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஊசித்துளை வழியே பார்த்தும் தெளியவில்லையென்றால், கோளாறு கண்ணாடியால் தீருவது அல்ல. அது புரையாகவோ விழித்திரைக் கோளாறாகவோ இருக்கலாம். எனக்குக் காலையில் தெளிந்தது, மாலையில் தெளியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, வலக் கண்ணில் புரை ஆரம்பம் என்றார். துளை ஒளியையும் குறைக்கும். மங்கிய கண்ணுக்கு மங்கிய வெளிச்சத்தில் அது உதவாது. அன்றிலிருந்து நான் மாலையில் சுடுவதில்லை. எந்த சைட்டும் குறிவைக்கத்தான் உதவும். அட்டைக்கு அருகே நிற்பது கம்பமா ஆளா என்று கண்தான் சொல்ல வேண்டும். அது சொல்லத் தயங்கும் நாளில் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

இது என் பொழுதுபோக்கைப் பற்றியது மட்டுமல்ல. படையிலிருந்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் பலர் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் துப்பாக்கியோடு காவல் நிற்கிறார்கள். கண் மங்குவதை வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை; வீட்டு வாடகையும் பிள்ளைகள் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் பலருக்குத் தேவைப்படுவது ஒரு கண்ணாடியோ, ஒரு சிறு அறுவையோதான். வேலைக்கு வைப்பவர்கள் வருடம் ஒருமுறை தங்கள் செலவில் கண்ணைச் சோதித்து, தேறாதவருக்கு வேறு பணி தர வேண்டும். அதுவரை நம் சங்கமே இவர்களுக்கென ஒரு கண் பரிசோதனை முகாம் வைத்தால் என்ன? முதல் ஆளாக நான் வரிசையில் நிற்கிறேன்.

அந்தப் பையனுக்கு அன்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். போன மாதம் போய், தவறு என் கண்ணில்தான் என்று ஒப்புக்கொண்டேன். கூடம் நேராகத்தான் இருந்தது.